கப்பலில் இடம் கிடைக்காத வேகப்பந்து வீச்சாளர்: குரோம் ஹெண்ட்ரிக்ஸ்

[திரையில்: கேப் டவுன், நியூலேண்ட்ஸ் மைதானம், மார்ச் 1892]

தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டில் நிறவெறி எப்போது நுழைந்தது என்று கேட்டால், பலரும் 1948-ஐச் சொல்வார்கள். அப்போதுதான் அது அரசின் கொள்கையானது. ஆனால் அதற்கு ஐம்பது வருஷங்களுக்கு முன்பே, எந்தச் சட்டமும் இல்லாமல், ஒரு வீரரின் பெயரை அடித்துவிட்டார்கள். அவர்தான் ஹென்றி ஹெண்ட்ரிக்ஸ். எல்லோரும் கூப்பிட்டது குரோம் என்று.

வால்டர் ரீட் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி, 1892 மார்ச்சில் நியூலேண்ட்ஸில் ஒரு மலாய் அணியோடு, அதாவது கேப் டவுனில் வாழ்ந்த வெள்ளையர் அல்லாதோரின் அணியோடு, ஆடியது. உள்ளூர் அணிக்குப் பதினெட்டுப் பேர். அன்றைக்கு டெஸ்ட் வீரர்களை எதிர்த்து ஹெண்ட்ரிக்ஸ் எடுத்தது 50 ரன்களுக்கு 4 விக்கெட். அந்தக் காலத்தில் அங்கே தரையின்மேல் பாய் விரித்துத்தான் ஆடுவார்கள். பாயில் பட்டு எகிறும் பந்து வேகமாகவும் வந்தால் பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம்தான். அவரை ஆடிப் பார்த்த ஆங்கிலேயர்களே, இங்கிலாந்துக்கு அணி அனுப்பினால் இவரை விட்டுவிடாதீர்கள் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபோர்த்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அன்றைய நாளில் அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடையாது.

[திரையில்: 1894]

தென்னாப்பிரிக்கா முதல் முறையாக இங்கிலாந்துப் பயணத்துக்குத் தயாரானது. உத்தேசப் பட்டியலில் ஹெண்ட்ரிக்ஸ் பெயர் இருந்தது. கிரிக்கெட் சங்கச் செயலாளர் ஹாரி காட்வாலடர் அவருக்காக வாதாடினார். எதிர்த்து நின்றவர் வில்லியம் மில்டன். இவர் முன்னாள் தென்னாப்பிரிக்க கேப்டன், அப்போது கேப் டவுனைத் தலைநகராகக் கொண்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான கேப் காலனியின் பிரதமர் சிசில் ரோட்ஸின் செயலாளர். அந்த ரோட்ஸ் அரசுதான் 1892-ல் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை உயர்த்தி, வெள்ளையர் அல்லாத பலரை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. மைதானத்தில் மட்டும் அவர்கள் வேறு மனிதர்களாக இருப்பார்களா?

இதற்கு நடுவில் ஒரு ‘சமரசம்’ பேசினார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே மிகவும் கேவலமான இடம் அதுதான். அணியின் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரராக அவரைக் கூட்டிப்போகலாம், தேவைப்பட்டால் பந்து வீசச் சொல்லலாம் என்றார்கள். ஹெண்ட்ரிக்ஸ் கேப் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அப்படி ஒரு வேலையில் போவதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்று மறுத்தார். கப்பல் அவர் இல்லாமலே போனது. மேலாளராகப் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த காட்வாலடருக்கும் அந்தப் பொறுப்பு கிடைக்கவில்லை. தடுத்தது தானே என்று ரோட்ஸ் பிற்பாடு இங்கிலாந்து வீரர் பெல்ஹாம் வார்னரிடம் சொல்லியிருக்கிறார்.

அணியிலிருந்து நீக்கியதோடு விட்டார்களா? இல்லை. 1895-96-ல் ஹாக் பிரபுவின் இங்கிலாந்து அணி வந்தபோதும் அவருக்கு டெஸ்டில் இடமில்லை. 1897-ல் கேப் டவுனின் உட்ஸ்டாக் கிளப்புக்காகச் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் ஆடவும் மேற்கு மாகாண கிரிக்கெட் நிர்வாகம் தடை போட்டது. நாட்டுக்காக ஆடியிருக்க வேண்டியவரை உள்ளூர் கிளப்புக்குக்கூட ஆட விடவில்லை.

இத்தனைக்கும் அந்த நிறவெறிச் சுவரில் ஓட்டை இருந்தது. ஹெண்ட்ரிக்ஸின் தாய் செயின்ட் ஹெலினா தீவுக்காரர். சார்லி லெவெலின் என்ற இடக்கை வீரரின் தாயும் அதே தீவில் பிறந்தவர்தான். ஆனால் கலப்பினத்தவரான லெவெலின் 1896-ல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் அறிமுகமாகி, 15 டெஸ்டுகள் ஆடினார். அவருக்குத் திறந்த கதவு இவருக்கு ஏன் திறக்கவில்லை? லெவெலின் கேப்புக்கு வெளியே, நேட்டால் என்ற வேறொரு காலனியைச் சேர்ந்தவர். ஹெண்ட்ரிக்ஸோ மில்டனும் ரோட்ஸும் அதிகாரம் செலுத்திய கேப் டவுனில், மலாய் அணி வீரர் என்று ஊரே அறிய ஆடியவர். என் கணிப்பில், வித்தியாசம் அங்கேதான்.

[திரையில்: டர்பன், நவம்பர் 1992]

லெவெலினின் கடைசி டெஸ்ட் 1912-ல். அதன்பிறகு எண்பது ஆண்டுகள் தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணி முழுக்க வெள்ளையர் அணிதான். அதை உடைத்தவர் வெள்ளையர் அல்லாத ஒமர் ஹென்றி, இந்தியாவுக்கு எதிரான டர்பன் டெஸ்டில். அப்போது அவருக்கு வயது 40.