ஊர் பெயர், சர்வே எண், பத்திர எண்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் காட்பாடியில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். பத்திரம் எழுதுவதும், பதிவுக்குப் போகும் முன் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் தொழில். நிலம், மனை, வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் கேட்கப்படும் ஆவணங்களைக் கைப்பேசியிலும் கணினியிலும் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு இது மிகவும் வேண்டிய பேச்சு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கிறார்கள். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். சொத்து இங்கே இருக்கும், சொத்துக்காரர் எங்கேயோ இருப்பார், காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வீட்டில் இருக்கும் மனைவியோ வயதான அப்பாவோ வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பார்கள்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் எல்லையில் பணியில் இருக்கிறார். வீடு கட்ட வங்கிக் கடன் கேட்டிருந்தார்கள். "எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருக்காரு சார்" என்று போனை நீட்டினார். காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில் தேடித் தேடிப் பத்திரப் படங்களை எடுத்தோம். எழுத்து மங்கிக் கிடந்தது. அதைவிடப் பெரிய குறை, எல்லாமே முன்பக்கம் மட்டும். வங்கியின் வழக்கறிஞர் பின்பக்கத்தைக் கேட்டார். அசல் எந்த ஊர்ப் பெட்டியில் இருக்கிறது என்று கணவரைக் கேட்க வேண்டும். அவருக்கோ போன் கிடைக்காத இடம். கடன் தள்ளிப் போனது. அந்த அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இன்று நான் பேசுவது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். சொத்துக்காரர் பக்கத்தில் இல்லாதபோதும், வீட்டில் இருக்கும் ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து, கேட்டதை எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். எதை எப்படி வைப்பது என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பின்பக்கம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நம் பழைய பத்திரங்களில் தாக்கல் செய்த நாள், எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து, கைரேகை, அடையாளம் காட்டிய சாட்சிகள், சார்பதிவாளரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் ஆகியவை பெரும்பாலும் தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கும். முத்திரைத்தாளை யார் பெயரில், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்ற குறிப்பும் பல தாள்களில் அங்கேதான். முன்பக்கம் மட்டும் இருந்தால், அது பதிவான பத்திரம் என்பதற்கே படத்தில் ஆதாரம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் எடுங்கள். வெற்றுப் பக்கமாக இருந்தாலும் எடுங்கள். கடைசியில் இணைத்திருக்கும் மனை வரைபடத்தையும் விடாதீர்கள்.

சாதாரண போட்டோவாக எடுக்காமல், போனில் இருக்கும் ஸ்கேன் வசதியைப் பயன்படுத்துங்கள். பகல் வெளிச்சத்தில், தாளைச் சமமாக வைத்து, கலரில் எடுங்கள். முத்திரையின் சிவப்பும் பழைய மையின் நீலமும் தெரிய வேண்டும். ஒரு பத்திரத்தின் எல்லாப் பக்கங்களும் வரிசையாக ஒரே பிடிஎஃப் கோப்பில் இருக்கட்டும். கடையில் ஸ்கேன் செய்தால் 300 டிபிஐ என்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். அப்புறம் ஒன்று. அசல் பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பின்னாளில் சந்தேகம் வந்தால் தாளையும் மையையும் சோதித்துப் பார்க்க அது தடையாகிவிடும்.

சரி, எடுத்தாயிற்று. எந்தப் பெயரில் வைப்பது? பலர் ஆள் பெயரில் வைக்கிறார்கள். 'அப்பா பத்திரம்', 'தாத்தா நிலம்' என்று. ஆனால் நிலம் கைமாறும், ஆள் பெயர் மாறிவிடும். சிலர் மாவட்டம், தாலுகா என்று பிரிக்கிறார்கள். நம் ஊரில் அதுவும் நிற்காது. 1911 வரை சித்தூரே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1989இல் மாவட்டம் இரண்டாகி, திருவண்ணாமலை தனியாகப் போனது. நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்தது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வாலாஜா பக்கத்தில் ஒரே நிலத்துக்கு 1980இல் எழுதிய பத்திரத்தில் வட ஆற்காடு என்றும், 2005 பத்திரத்தில் வேலூர் என்றும், இப்போது எழுதினால் ராணிப்பேட்டை என்றும் இருக்கும். நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை. வெளியூர் வங்கியில் இதைப் பார்த்துவிட்டு வேறு வேறு சொத்தா என்று கேட்டவர்கள் உண்டு. பதறாதீர்கள், விளக்கினால் போதும். ஆனால் விளக்குவதற்கு எல்லாக் காகிதமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை இதுதான். ஒரு சொத்துக்கு ஒரு கோப்புறை. அதன் பெயர் ஊர் பெயரும் சர்வே எண்ணும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆண்டு முதலில், அப்புறம் பத்திர எண், அப்புறம் பதிவு அலுவலகம், கடைசியில் என்ன வகை என்பது. உதாரணத்துக்கு, '1987 - 1234 - வேலூர் - கிரயம்'. ஆண்டு முதலில் இருந்தால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். பாட்டனார் பாகப்பிரிவினை மேலே, அடுத்து அப்பா வாங்கிய கிரயம், அடுத்து உங்களுக்கு எழுதிய தானசெட்டில்மெண்ட் என்று, சொத்து கைமாறி வந்த வழி கோப்புப் பெயர்களைப் படித்தாலே தெரியும். பத்திர எண், ஆண்டு, பதிவு அலுவலகம் ஆகிய மூன்றும் ஒருமுறை பதிவானால் மாறாதவை. அசல் தொலைந்தாலும் இந்த மூன்றை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

சர்வே எண் மட்டும் மாறக்கூடியது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை, யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வதை, விவசாய நிலம் வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் உட்பிரிவு எண்கள் பல இடங்களில் மாறின. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ் ஆனது. சில பட்டாக்களில் பெயரும் பரப்பும் தவறாக ஏறி, இன்றும் மனுப் போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நகரப் பகுதியில் இன்னொரு சிக்கல். அங்கே நகர நில அளவை நடந்து, வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று புது அடையாளம் வந்திருக்கும். சத்துவாச்சாரி மாதிரி, தனி நகராட்சியாக இருந்து மாநகராட்சியில் சேர்ந்த இடங்களில் கதவு எண்ணையும் வரி விதிப்பு எண்ணையும் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொத்தின் கோப்புறையிலும் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி வையுங்கள். பழைய சர்வே எண், புதிய சர்வே எண், டி.எஸ். எண், பட்டா எண், பரப்பு, நான்கு பக்க எல்லை. கூடவே, எந்த ஆண்டு யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று ஆண்டுக்கு ஒரு வரி. பெயர் வேறுபாடு இருந்தால் அதையும் எழுதுங்கள். பத்திரத்தில் தகப்பனார் பெயரோடு இருப்பவர், பட்டாவில் இனிஷியல் இல்லாமலும் ஆதாரில் வேறு எழுத்துக் கூட்டலிலும் இருப்பார். மொத்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான். படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய பத்திரத்தில் இருக்கும் எல்லைக்காரர் யார், அந்தக் கிணறு எது, அந்த வண்டிப்பாதை இப்போது எந்தத் தெரு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கிறது. பட்டா, சிட்டா, கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேடு, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இவற்றைப் பதிவிறக்கிய பிடிஎஃப் ஆகவே வைத்திருங்கள். அச்செடுத்து அதை மறுபடி போட்டோ எடுத்து வைப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். மின் கையொப்பத்தைக் கணினியில் சரிபார்க்க மூலக் கோப்புதான் வேண்டும். புதுச் சான்று எடுத்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதியைப் பெயரில் சேர்த்து இரண்டையும் வையுங்கள். உங்கள் கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருந்தால், இரண்டு அலுவலகத்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும். வில்லங்கத்தில் எல்லாமே வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். உயில் அதில் தெரியாது, பதிவு செய்யாத ஒப்பந்தமும் தெரியாது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான். பட்டா கையில் இருந்தாலும் உரிமையைக் காட்டப் பத்திரத் தொடர் வேண்டும்.

கடன் அடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்து, அதையும் அந்த வரிசையில் சேருங்கள். வங்கி தரும் கடன் தீர்ந்த கடிதம் மட்டும் போதாது. வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். விற்கும் நாளில்தான் அது கண்ணில் படும்.

விற்பனை நடக்கும்போது அதற்கென்று உள்ளே தனியாக ஒரு கோப்புறை போடுங்கள். ஒப்பந்தம், முன்பணம் போன வங்கிக் கணக்கு விவரம், தரகரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாம் அதில். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வங்கி வழியாகக் கொடுத்தால் கணக்கும் தானாக நிற்கும்.

இனிமேல் சொல்வது எனக்குக் கவலை தருவது. பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்துவிட்டு, கோப்பை அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அசலின் தெளிவான நகல், ஆதார், கையெழுத்து, கைரேகை எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால் மோசடிக்காரருக்கு அது பெரிய வசதி. பக்கத்தில் நின்று, டெஸ்க்டாப்பிலும் குப்பைத் தொட்டியிலும் அழித்துவிட்டு வாருங்கள். கடைக்காரரின் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அங்கேயும் அழிக்கச் சொல்லுங்கள். தரகர்களின் வாட்ஸ்அப் குழுவில் முழுப் பத்திரத்தைப் போடாதீர்கள். வாங்குகிறவர் யார் என்று தெரிந்த பிறகு, அவருடைய வழக்கறிஞருக்கு மட்டும் அனுப்பினால் போதும். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வடிவத்தைக் கொடுக்கலாம். பத்திர நகலின் குறுக்கே, எதற்காக, யாருக்குக் கொடுத்தது என்று எழுதித் தரலாம்.

பாதுகாப்பாக எங்கே வைப்பது? 2021 நவம்பரில் பாலாற்றிலும் கௌண்டன்யா ஆற்றிலும் வெள்ளம் வந்தபோது, குடியாத்தத்திலும் ஆற்றோரங்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். பீரோவும் போனும் பென்டிரைவும் ஒரே வீட்டில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே போகும். ஒரு பிரதி உங்கள் போனிலோ கணினியிலோ, ஒன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியிடமோ மகளிடமோ பென்டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். கூகுளில் 15 ஜிபி இலவசம், பத்திரங்களுக்கு அது தாராளம். ஆனால் இதற்கென்றே தனிக் கணக்கு தொடங்கி அப்படியே விட்டுவிடாதீர்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி, எழுதியும் வையுங்கள். பணிக்குத் திரும்பும் ராணுவத்தினரும் வெளிநாடு கிளம்புகிறவர்களும், ஊரை விட்டுப் புறப்படும் முன் ஒன்று செய்யுங்கள். மனைவியிடமோ அம்மாவிடமோ போனைக் கொடுத்து, "நம்ம மனையோட தாய்ப்பத்திரத்தை எடு, போன வருஷ வரி ரசீதை எடு" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. திணறினால், கோப்புகளின் பெயரை அவர் சொல்லும் விதமாகவே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.