ஃபுட்டியையே பாட்டுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் பார்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற மெல்பர்ன் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மெல்பர்னின் பழைய நாட்களை மனத்தில் நிறுத்தி வைத்திருப்பது பாட்டா, பந்தா?" என்பது தலைப்பு. பாட்டு என்றால் 2022 ஆகஸ்ட் 5ஆம் தேதி மறைந்த சீக்கர்ஸ் குழுப் பாடகி ஜூடித் டர்ஹம், பந்து என்றால் நம்ம ஊர் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால், என்று நடுவரே முதலில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பாட்டு பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? ஒரு பாடகி இறந்தால் ரெண்டு நாள் ரேடியோவில் பாட்டுப் போடுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள், ஆனால் ஃபுட்டி என்பது தாத்தா கழுத்திலிருந்து பேரன் கழுத்துக்கு ஸ்கார்ஃபோடு இறங்குகிற சொத்து என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் சொன்னார். ஆனால் அண்ணே, அந்த ஸ்கார்ஃபைக் கட்டிவிட்ட கையோடு தாத்தா பேரனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது என்ன? பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கிற டிராப் பன்ட் உதையையா சொல்லிக் கொடுத்தார்? நாலு வயதுப் பிள்ளையால் அது முடியுமா? கிளப் பாட்டைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

ரிச்மண்ட் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் கோப்பை வாங்கினார்கள், அடுத்தது 2017இல். நடுவில் 37 வருடம். அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, வீட்டுக் கடனும் வாங்கி, தலையில் நரையும் பார்த்துவிடலாம். அத்தனை வருடமும் அந்த வீடுகளில் தலைமுறை விட்டுத் தலைமுறைக்குக் கைமாறியது எது? கோப்பையா? அதுதான் இல்லையே! பாட்டு ஒன்றுதான் இருந்தது. 2017இல் கோப்பை வந்த ராத்திரி ரிச்மண்டின் ஸ்வான் தெருவே அந்தப் பாட்டைக் கத்தியது. தோற்ற வருடங்களில் மனப்பாடம் செய்தது.

இன்னும் ஒன்று சொல்கிறேன். 1996இல் ஃபிட்ஸ்ராய் என்கிற கிளப் போனது. பக்கத்து ஊர் கிளப்போடுகூட இல்லை, வேறு மாநிலத்துப் பிரிஸ்பேன் கிளப்போடு இணைத்துவிட்டார்கள். அந்த மனிதர்கள் பட்ட வேதனையை நான் இங்கே வேடிக்கையாகப் பேசமாட்டேன், சொந்தக் கிளப்பை இழப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இன்றைக்கும் பிரிஸ்பேன் லயன்ஸ் ஜெயித்தால் வீரர்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து நின்று பாடுவது ஃபிட்ஸ்ராய் பாடிய அதே மெட்டு. பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டு அது. மைதானம் வரவில்லை, டிராம் பாதை வரவில்லை, பக்கத்து சீட்டில் முப்பது வருடம் உட்கார்ந்த சிநேகிதர் வரவில்லை. சிங்கச் சின்னம் வந்தது, பாட்டு வந்தது. எதிரணி பதில் சொல்லட்டும்.

விண்டி ஹில், விக்டோரியா பார்க் என்று பழைய புறநகர் மைதானங்களின் பெயரை எதிரணி அடுக்கியபோது பலருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். பீர் கேன் மேல் ஏறி நின்று ஆட்டம் பார்த்த கதை, ஆட்டம் முடிந்ததும் வேலியைத் தாண்டி உள்ளே போய் அப்பாவும் பிள்ளையும் பந்தை உதைத்து விளையாடிய கதை, எல்லாம் உண்மை. ஆனால் எஸண்டன் கிளப் 1991க்குப் பிறகு தன் பெரிய ஆட்டங்களை விண்டி ஹில்லில் ஆடவில்லை, காலிங்வுட் 1999க்குப் பிறகு விக்டோரியா பார்க்கில் ஆடவில்லை. உங்கள் நினைவுச்சின்னங்களை உங்கள் ஆட்டமே காலி செய்துவிட்டது. எங்கள் ரெக்கார்டு இன்னும் அப்படியே சுற்றுகிறது.

எஸண்டன் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரணிக்குச் சிவப்பு கறுப்பு ஜெர்சி கண்ணில் தெரியும். அதே எஸண்டன் புறநகரில்தான் 1943இல் ஜூடித் டர்ஹம் பிறந்தார். நாலு வயதில் வந்த தட்டம்மையால் நுரையீரல் கெட்டு, ஆயுசு முழுக்க அந்த நோயோடு இருந்தார். அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு பாடிய குரல் அது! விளம்பரக் கம்பெனி ஒன்றில் செகரட்டரி வேலை, அங்கே பழக்கமான அத்தோல் கை என்பவர் வழியாக சீக்கர்ஸ் குழுவில் சேர்ந்தார், 1964இல் ஃபேர்ஸ்கை கப்பலில் பயணிகளுக்குப் பாடிக்கொண்டே லண்டன் போனார்கள். அடுத்த வருடமே அங்கே முதலிடம். (அந்த நாலு பேரில் கிட்டார் வாசித்த கீத் பாட்ஜர் கொழும்பில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து நண்பர்கள் மூன்றாவது வரிசையில் தலையை நிமிர்த்துவது தெரிகிறது, நிமிர்த்துங்கள்.)

கூட்டக் கணக்கு வேறு காட்டினார்கள். 1970 கிராண்ட் ஃபைனல், அதாவது வருடத்தின் கோப்பை ஆட்டம், கார்ல்டனும் காலிங்வுட்டும், எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர், இன்று வரை அதுதான் சாதனை என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான் ஒரு கணக்கு சொல்லவா? 1967 மார்ச், மூம்பா திருவிழா, சிட்னி மையர் மியூசிக் போல் என்கிற மெல்பர்ன் திறந்தவெளி அரங்கு, சீக்கர்ஸ் ஊர் திரும்பிப் பாடுகிறார்கள். வந்த கூட்டம் ஏறத்தாழ 2,00,000 பேர். அன்றைய மெல்பர்னில் பத்துப் பேருக்கு ஒருவர் அங்கே நின்றிருக்கிறார். உடனே எதிரணியிலிருந்து "அது ஓசி கச்சேரி!" என்று குரல் வருகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? ஓசி என்பதற்காக வெயிலில் புல்தரையில் நெருக்கியடித்து நிற்பதற்கு ரெண்டு லட்சம் பேருக்கு வேறு வேலை இல்லையா? சும்மா கிடைக்கிற எல்லாவற்றுக்கும் இந்த ஊர் திரண்டு வந்துவிடுமா? இன்றைக்கு இங்கே அனுமதி இலவசம்தான், பின் வரிசையைப் பாருங்கள்.

அப்புறம் பழைய ஃபுட்டி வீரர் ராய் கசேலி. அவர் உயரத் தாவி பந்தைப் பிடித்ததை நேரில் பார்த்து வளர்ந்தவர் யாராவது இந்த அரங்கில் இருக்கிறீர்களா? ஆடியது நூறு வருடத்துக்கு முந்தைய கதை. ஆனால் அவர் பெயர் இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1979இல் மைக் பிரேடி என்பவர் டிவி விளம்பரத்துக்காக ஒரு பாட்டு எழுதினார், "அப் தேர் கசேலி", அது நாட்டிலேயே முதலிடம் போனது. அவரைவிடத் தாவியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், பாட்டுக் கிடைக்காததால் பெயர் தெரியாமல் போனார்கள்.

சரி, எதிரணி கையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறது, அதை நானே போட்டுவிடுகிறேன். 2011 கிராண்ட் ஃபைனலில் அமெரிக்க ராக் பாடகர் மீட் லோஃப் பாடியது. பாவம், அவரும் 2022இல்தான் போனார், போனவரைப் பற்றித் தவறாகப் பேசக்கூடாது, ஆனால் அன்றைக்கு அவர் பாடியது... நடுவரே, நீங்களே சிரிக்கிறீர்கள். அதுதான் என் வாதம்! அன்று ஜெயித்தது யார்? எத்தனை பாயின்டில்? யோசிக்கிறீர்கள். ஜீலாங், 38 பாயின்டில். அதை நான் சொல்லவேண்டியிருக்கிறது, மீட் லோஃப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அரங்கமே சிரிக்கிறது. கெட்ட பாட்டே இவ்வளவு நாள் நிற்கிறது என்றால் நல்ல பாட்டு?

1994 கிராண்ட் ஃபைனலிலும் இதே கதைதான். வெஸ்ட் கோஸ்ட் ஜீலாங்கை 80 பாயின்டில் அடித்தது. ஜீலாங்காரர்கள் அதை மறக்க நினைக்கிறார்கள், மற்றவர்கள் மறந்தே விட்டார்கள். ஆனால் பிரிந்து கால் நூற்றாண்டு கழித்து மறுபடி சேர்ந்திருந்த சீக்கர்ஸ் அன்று எம்.சி.ஜி.யில் வந்து நின்று பாடினார்கள், அதை இன்னும் தேடிப்பிடித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருவன்.

2000 சிட்னியில் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் ஜூடித்துக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. பாராலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் சக்கர நாற்காலியில் வந்து "தி கார்னிவல் இஸ் ஓவர்" பாடினார். அந்த மெட்டும் ஒரு பழைய ரஷ்யப் பாட்டிலிருந்து எடுத்தது, கிளப் பாட்டுகள் மாதிரியே கடன் வாங்கியதுதான். மைதானம் முழுக்கத் திருவிழா முடிகிற நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, திருவிழா முடிந்தது என்று ஒரு பெண் பாடுகிறார். எலும்பு முறிந்த ஃபுட்டி வீரரை ஸ்ட்ரெச்சரில் வெளியேதானே எடுத்துப் போவார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, கேட்டது. ஆனால் பந்தைப் பிடித்த பிறகு சைரன் ஒலித்தால், பிடித்தவருக்கு அந்த ஒரு உதை உண்டு. அது எதிரணியின் ஆட்டச் சட்டம், என் சட்டம் இல்லை. அந்த உதையை உதைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எதிரணித் தலைவரும் நானும் இன்று ஒரே காரில்தான் வந்தோம், பெட்ரோல் விற்கிற விலைக்கு. கார் அவருடையது. ரேடியோவில் ஆட்ட வர்ணனை போய்க்கொண்டிருந்தது, அவர் அணி மூன்றாவது கால்பகுதியில் ஆறு கோல் பின்னால். மொனாஷ் ஃப்ரீவேயில் நெரிசல். அப்போது ரேடியோவை அணைத்துவிட்டுச் சீக்கர்ஸ் பாட்டைப் போட்டது நான் இல்லை.