அச்சுக்கூடமா, திண்ணைப் பள்ளியா?

நடுவர் அவர்களே, இந்தப் பசுமலை அடிவாரத்தில் இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு ஐயரின் பெருமை அச்சுக்கூடத்தில்தான் விஞ்சி நிற்கிறது என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். இல்லை, திண்ணைப் பள்ளியில்தான் என்பது எங்கள் அணி. 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு, அதாவது பைபிளின் பிற்பகுதி, இந்திய மொழிகளிலேயே முதலாவது. சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி, 1706 ஜூலையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு ஒரு தமிழ் எழுத்தாவது தெரியுமா? பிறகு எங்கே கற்றார்?

வயதான வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, "உங்கள் பள்ளிக்கூடத்தை என் வீட்டிலேயே நடத்துங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதினார். என் அப்பத்தா என் விரலைப் பிடித்து ஆற்று மணலில் 'அ' எழுதவைத்தது நினைவிருக்கிறது. சுழியைச் சுழித்து முடிப்பதற்குள் விரல் நுனி எரியும். தப்பாகப் போனால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர், எபிரேயமும் கிரேக்கமும் அறிந்தவர், ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்க அப்படி எழுதினார் ஐயா! எனக்கு அவர் மேல் மதிப்பு வந்ததே அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஏடு ஏடாகத் தேடிப் படித்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டார். திருக்குறளும் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான், 1708இல், வேதமாகிய பைபிளை மொழிபெயர்ப்பதில் கை வைத்தார். மணலும் ஏடும் இல்லாமல் அச்சுக்கு என்ன போயிருக்கும்?

நூல்தான் நிலைக்கும் என்றார் தம்பி. 1719இல் 36 வயதில் ஐயர் கண்மூடியபோது பைபிளின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் புத்தகம் வரைதான் வந்திருந்தது. மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். அடுத்து வந்த மிஷனரி பப்ரிசியுஸ் புதிதாகத் திருத்தினார். 1871இல் ஹென்றி பவர் ஐயர் என்ற மிஷனரியின் திருத்தம் வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை நம் தேவாலயங்களில் வாசிப்பது சீகன்பால்குவின் வாசகம் அல்லவே!

ஆனால் 1707இலேயே சீகன்பால்கு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். தாய்மார்களே, மடியில் வைத்திருக்கும் வேதத்தை நீங்களே எழுத்துக்கூட்டி வாசிக்கிறீர்களே, அந்த வழி எந்த வாசலில் தொடங்கியது? அச்சுக்கூட வாசலிலா? நடுவர் அவர்களே, இந்தத் தாய்மார்களையே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.