வருத்தம் வந்த பிறகு கடதாசிகளையும் பார்க்க வேண்டும்: காப்புறுதி, ஈ.பி.எஃப், கொடுப்பனவு

வணக்கம் உறவுகளே. போன காணொளியில் எனக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தம் சுத்திகரிப்பது) செய்வது பற்றிச் சொன்ன பிறகு கனபேர் கேட்டது ஒன்றைத்தான், காசுக்கு என்ன செய்கிறீர்கள், இன்சூரன்ஸ் கிடைத்ததோ, வேலைசெய்த இடத்தால் ஏதும் தந்தார்களோ என்று. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் டயாலிசிஸ் இலவசம், அந்த நன்றி எனக்கு என்றைக்கும் இருக்கும். ஆனாலும் ஓட்டோக் காசு, வெளியில் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனை, சம்பளம் இல்லாமல் போகும் மாதங்கள் என்று எல்லாம் சேர்ந்து வீட்டை அமத்திவிடும். அதனால் இன்றைக்கு முழுக்கக் கடதாசிக் கதைதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் டயக்னோசிஸ் காட். ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, என்ன வருத்தம் என்று எழுதித் தருகிற அந்த ஒற்றைக் கடதாசியை வைத்துத்தான் காப்புறுதிக்காரர் எல்லாவற்றையும் தீர்மானிப்பார்கள். என்னை முதன்முதல் வாட்டில் சேர்த்த அன்று எனக்கு மூச்சு எடுக்கவே கஷ்டமாக இருந்தது, பிரஷர் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டதற்குப் பக்கத்தில் நின்ற அம்மா பதற்றத்தில் "அது கனகாலமாக இருக்குது" என்று சொல்லிவிட்டா. அதை அப்படியே டயக்னோசிஸ் காட்டில் எழுதியிருக்கிறார்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது, பொலிசி எடுக்க முன்னமே வருத்தம் இருந்திருக்கிறது, கோரிக்கையை ஏற்க முடியாது என்று. அந்த ஒரு வரிக்காக!

உண்மையில் எனக்குப் பிரஷர் என்று முதலில் கண்டுபிடித்ததே பொலிசி எடுத்த பிறகுதான், அது கிளினிக் கொப்பியில் திகதியோடு கிடந்தது. அந்தப் பக்கத்தின் பிரதி, வேலைக்காக அதற்கு முன்னம் எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட், எங்களுடைய குடும்ப டொக்டரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பதிவுத் தபாலில் போட்டேன். கனநாள் இழுத்தார்கள், ஆனால் தந்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரியால் வெட்டும் நேரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் காட்டை மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள். வாசியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் அங்கேயே நேர்ஸிடம் கேளுங்கள், திகதி பிழை என்றால் மரியாதையாகச் சொல்லித் திருத்தித் தரச் சொல்லுங்கள், நல்ல மனதோடு செய்வார்கள்.

பாரிய நோய்க் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெறுமனே சிறுநீரக நோய் என்று கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் காணாது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருக்க வேண்டும், அது இனித் திரும்பாத நிலையாக இருக்க வேண்டும், தொடர்ச்சியான டயாலிசிஸோ மாற்றுச் சத்திரசிகிச்சையோ தேவைப்பட வேண்டும், பொதுவாகப் பொலிசிகளில் இருப்பது இந்த மூன்றும்தான். பொலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து டொக்டரிடம் கொடுங்கள், உங்கள் நிலைமை அதுதான் என்றால் அதை அப்படியே எழுதித் தருவார். சில பொலிசிகளில் அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை இருக்கும், இலவச வைத்தியம்தானே என்று பலர் அதைக் கேட்பதே இல்லை. அதற்கும் கால எல்லை உண்டு, பாருங்கள்.

மாட்டோம் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், அவரிடம் முறையிடுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டிருக்க வேண்டும், அதனால்தான் போனில் கதைக்காமல் கடிதமாக வாங்குங்கள் என்கிறேன்.

அடுத்தது வேலை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் கோபம் வரும். நான் வேலைசெய்த இடத்தில் அன்பாகத்தான் சொன்னார்கள், "தங்கச்சி, சொந்தக் காரணம் என்று எழுதி விலகுங்கோ, பிரச்சினை இல்லாமல் முடியும்" என்று. நான் எழுதவில்லை. ஏனென்றால் சும்மா விலகினால் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் பொதுவாக எடுக்கலாம். நிரந்தரமாக வேலைசெய்ய ஏலாத நிலையால் விலகுகிறேன் என்று வைத்தியச் சான்றிதழோடு போனால் வயதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விலகல் கடிதத்தில் என்ன காரணம் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம், கையொப்பம் வைக்க முன்னம் தொழில் திணைக்கள அலுவலகத்தில் ஒருக்கா விசாரியுங்கள். வேலையில் இருந்துகொண்டே வைத்தியத்துக்கு எடுக்கவும் வழி இருக்கிறது, 10 வருடம் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால் 30 வீதம் வரை. ஈ.டி.எஃப்பையும் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) மறக்காதீர்கள், சிறுநீரக மாற்றுக்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் அங்கே உதவி இருக்கிறது.

அரசாங்கக் கொடுப்பனவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதம் 7,500 ரூபாவாக இருந்தது 2025 ஏப்ரலில் இருந்து 10,000 ஆனது. விதானையாரிடம் (கிராம அலுவலர்) தொடங்கிப் பிரதேச செயலகம் வரைக்கும் போகும் விஷயம், வருமானமும் பார்ப்பார்கள். பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் மேன்முறையீடு போடுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, வருத்தக்காரருக்கென்று ஒதுக்கின காசு அது.

சத்திரசிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முந்தி அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும், 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். வேலணையில் இருந்தாலும் சரி, பருத்தித்துறையில் இருந்தாலும் சரி, உங்கள் செயலகத்திலேயே கேளுங்கள். சத்திரசிகிச்சை முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று மட்டும் விடாதீர்கள், டொக்டர் திகதி சொன்ன கிழமையே வீட்டில் ஒருவரை அனுப்பிப் படிவத்தை எடுப்பியுங்கள், அதில் டொக்டர் நிரப்ப வேண்டிய பக்கமும் இருக்கும், கிளினிக் நாளில் கையோடு கொண்டுபோனால் அன்றைக்கே எழுதி வாங்கலாம்.