பூட்டுன சைக்கிள் எப்படிங்க காணாமப் போகுது?

[காட்சி: திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். வரிசையா சைக்கிள்கள்.]

இதுல முக்காவாசி சைக்கிள் பூட்டித்தான் இருக்கு. ஆனா எதையும் கட்டிப்போடல. ரெண்டும் வேற வேறங்க.

[காட்சி: பின்சக்கரப் பூட்டு, கிட்டத்துல.]

போக்ஸ் கம்பிக்கு நடுவுல நுழையுதே, இந்தப் பூட்டு சக்கரத்தைச் சுத்த விடாது, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சா முன்சக்கரத்துலயே உருட்டிட்டுப் போயிடலாம். சாவி தொலைஞ்ச அன்னைக்கு நீங்களும் அப்படித்தானே கடைக்குத் தள்ளிட்டுப் போனீங்க?

அடுத்து, சுருள் கேபிள் பூட்டு. மேல பிளாஸ்டிக் உறை, உள்ள மெல்லிசு கம்பி இழைங்க. சன்னமான கேபிளை ஒரு நல்ல கட்டிங் பிளேயரே நறுக்கிடும். யூ-லாக், அதாவது U மாதிரி வளைஞ்ச கெட்டி இரும்புப் பூட்டு வாங்குங்க. விலை அதிகம்தான், ஆனா அறுக்க நேரமாகும், சத்தமும் வரும்.

மாட்டுற இடத்துலதான் நான் ஏமாந்தேன். கிரில் கேட்டோட முன்சக்கரத்தை மட்டும் பூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தா சக்கரம் பத்திரமா இருக்கு, பூட்டும் இருக்கு. மிச்ச சைக்கிளைக் காணோம்! லீவரைத் திருப்பினா கழண்டு வர்ற சக்கரம் அது. அதனால பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பியோட பூட்டுங்க. நோ பார்க்கிங் போர்டுக் கம்பம்னா முதல்ல ஆட்டிப் பாருங்க. குட்டையா இருந்தா சைக்கிளை மேல தூக்கியே உருவிடுவாங்க.

அபார்ட்மென்ட் பார்க்கிங்லயும் இதே கதைதான். வாட்ச்மேன் இருக்காரேன்னு விட்டுடாதீங்க.

[காட்சி: சைக்கிள் பில்.]

2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றத் தண்டனைச் சட்டத்துல திருட்டுக்கு 303வது பிரிவு. பொருளோட மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவுன்னா, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரணையில இறங்க முடியாது. அதனால பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புகார் கொடுத்தா, அதை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்கிக்குங்க.

[காட்சி: சைக்கிளைத் தலைகீழாக் கவிழ்க்கிறோம்.]

பெடல் அச்சுக்கு அடியில பாருங்க, பெரும்பாலும் அங்கதான் பிரேம் நம்பர் அடிச்சிருக்கும். பிளஸ் ஒன் பசங்களுக்கு அரசு கொடுக்குற சைக்கிள் எல்லாம் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். இது உங்க வீட்டுதுன்னு சொல்ல இந்த நம்பர்தான் சாட்சி. சேறு அப்பியிருந்தா மண்ணெண்ணெய்த் துணியால துடைங்க. அப்புறமும் 8ஆ 3ஆன்னு தெரியலையா? கொஞ்சம் கோலமாவு தேய்ச்சு, மேலாக ஊதி விடுங்க. பள்ளத்துல மட்டும் மாவு நிக்கும். இப்ப போட்டோ எடுங்க.