கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்

(சென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் நண்பர்களே, எதிரே இருக்கும் என் பழைய மாணவர்களே!

பொன்னாடை வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். கேட்கவில்லை, போர்த்திவிட்டீர்கள். இந்தப் புழுக்கத்தில் இதைப் போர்த்திக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? பேச்சாளரைச் சுருக்க இதுவும் ஒரு வழிதான்.

அரசு கல்லூரிகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் கடற்கரை மாநிலக் கல்லூரியில்தான் தொடங்குவார்கள். 1840-இல் ஆரம்பித்தது, சர் சி.வி.ராமன் படித்த இடம், நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சந்திரசேகர் படித்த இடம். நானும் சொல்லிவிட்டேன், கைதட்டிவிடுங்கள். 2022-லும் 2023-லும் தேசியத் தரவரிசையில், நாட்டின் கல்லூரிகளுக்குள் அதற்கு மூன்றாம் இடம். உண்மையிலேயே பெருமைதான். ஆனால் எனக்கு ராமன்கள் வாய்க்கவில்லை. வாய்த்தவன் கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறவன். அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பி.காம் இரண்டாம் ஆண்டு, காலை ஷிஃப்ட், முதல் பீரியட். நிறுமக் கணக்கியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். இவன் வாரத்தில் மூன்று நாள் தூங்குவான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சாக்பீஸை விட்டெறிந்தேன். தோளில் பட்டது. திடுக்கிட்டு எழுந்து "சாரி சார்" என்றான். பக்கத்தில் போனேன். சட்டையில் கொத்தமல்லி வாசனை. என்னடா இது என்று கேட்டால், கோயம்பேடு மார்க்கெட்டில் ராத்திரி லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறானாம். விடியற்காலை முடியுமாம். அங்கேயே குழாயடியில் குளித்துவிட்டு நேரே கல்லூரிக்கு வருவானாம். "வீட்டுக்குப் போனா படுத்துடுவேன் சார், அப்புறம் காலேஜுக்கே வரமாட்டேன். அதான் இங்க வந்து தூங்குறேன்" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு வகுப்பில், யார் யாரெல்லாம் வேலைக்குப் போகிறீர்கள், கை தூக்குங்கள் என்றேன். கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவன், தி.நகர் ஜவுளிக்கடையில் மதியத்துக்கு மேல் நிற்கிறவன், அப்பாவின் ஆட்டோவை மாலையில் எடுக்கிறவன். கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவர்கள் மட்டும் ஒரு கும்பல். முகூர்த்த நாளென்றால் பாதி வகுப்பு காலி. அப்புறம் நான் தினசரி காலண்டரில் முகூர்த்தம் பார்த்துத்தான் டெஸ்ட் வைப்பேன். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். சார் என்ன, பெண் பார்க்கிறாரா என்று.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் கல்லூரிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துக்கொண்டே படிக்கிறவர்கள். நம் டைம்டேபிள், வருகைப் பதிவேடு, நூலக நேரம் எல்லாம், வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிற பிள்ளைக்காகப் போட்டவை. 75 சதவீத வருகை வேண்டும். குறைந்தால் அபராதம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். இன்னும் குறைந்தால் எழுதவே முடியாது. அபராதம் கட்டுவதற்காக இன்னும் நாலு கல்யாணத்துக்குப் பரிமாறப் போய், அதனாலேயே வருகை இன்னும் குறைந்த பையனை நான் பார்த்திருக்கிறேன்.

ஷிஃப்ட் முறை கொண்டுவந்தது கட்டடம் கட்டாமல் இடங்களைக் கூட்டுவதற்காக. மாணவர்களோ அதை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அரை நாள் படிப்பு, அரை நாள் சம்பாத்தியம். திட்டம் போட்டவர்கள் நினைத்துப் பார்க்காத நன்மை இது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே சேருவது சுலபம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருகிற விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுக்க 28.4. புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று நம் வட சென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆயிரத்தில் என்ன வந்துவிடும் என்று நானே அலட்சியமாகப் பேசியவன். ஒரு மாணவி திருத்தினாள்: "போன் ரீசார்ஜும் ஷேர் ஆட்டோவும் போயிடுது சார். ஆனா அப்பாகிட்ட கை நீட்ட வேணாம்ல." அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே மாதிரி ஒரு திட்டம் வந்தது.

உள்ளே வந்தாகிவிட்டது, சரி. பாடம் எடுப்பது யார்? பல துறைகளில், குறிப்பாக மதிய ஷிஃப்டில், கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரமில்லாத ஆசிரியர்கள். பெயரில் இருக்கிற கௌரவம் சம்பளத்தில் இல்லை. அதிகபட்சம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்னது. இங்கே 2024-இல் 25,000-க்குத்தான் வந்து நின்றோம், அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம். மே மாதம் கிடையாது. டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு தம்பி என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் வந்தாலே டியூஷன் விளம்பர நோட்டீஸை மடித்துக்கொண்டிருப்பார். நானும் சேர்ந்து மடித்துக் கொடுப்பேன். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்ததும் தம்பி நோட்டீஸை ஓரம் வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். தேர்வு தள்ளிப்போனது. நோட்டீஸ் திரும்ப மேசைக்கு வந்தது.

யோசித்துப் பாருங்கள். வகுப்பறையில் கரும்பலகைக்கு இந்தப் பக்கமும் நிச்சயமில்லாத வருமானம், அந்தப் பக்கமும் அதே. இரண்டு பேரும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிரந்தர ஆசிரியர் இருந்தால்தான் இன்னார் பிள்ளை ஏன் வரவில்லை என்று மூன்று வருடம் தொடர்ந்து கவனிக்க முடியும். வருடா வருடம் ஆள் மாறினால் யாருக்கு யாரைத் தெரியும்? ஸ்மார்ட் போர்டு அப்புறம் வரட்டும், முதலில் ஆளைப் போடுங்கள் என்பதுதான் அரசிடம் நான் கேட்பது.

இனி நாமே செய்யக்கூடியது. ஒரு காலத்தில் சென்னையில் மாலைக் கல்லூரிகள் இருந்தன. பகலில் ஆபீஸ், சாயங்காலம் பி.ஏ. என்று படித்து மேலே வந்த அப்பாக்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஜவுளிக்கடை கணக்குப் பிரிவில் உட்கார்கிற பி.காம் பையன் அங்கே ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடக் கற்றுக்கொள்கிறான். நாம் அவனை உட்காரவைத்து அதையே புத்தகத்தில் படி என்கிறோம். அந்த வேலையைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்து மதிப்பெண் கொடுத்தால் என்ன? அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' திட்டத்தில் வெளி நிறுவனப் பயிற்சிகளைப் பாடத்தோடு சேர்க்க முடிகிறதே. கடை முதலாளி கையெழுத்துப் போட்டால் மட்டும் ஏன் கசக்கிறது? ஏமாற்றுவார்கள் என்பீர்கள். கொஞ்சம் பேர் ஏமாற்றுவார்கள்தான். ரெக்கார்டு நோட்டில் ஏமாற்றாதவர் இங்கே யார் இருக்கிறீர்கள், கை தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, முடிக்கிறேன், பொன்னாடை நனைந்துவிட்டது. சங்கத்தின் சார்பில் கல்லூரிக்கு என்ன வாங்கித் தரலாம் என்று செயலாளர் கேட்டார். குடிநீர் இயந்திரம் வேண்டாம், ஏற்கெனவே மூன்று பேர் பெயர் பொறித்துக் கொடுத்து, மூன்றும் ஓடவில்லை. நூலகத்தை நாலரைக்குப் பூட்டுகிறார்கள். மதிய ஷிஃப்ட் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வருவது ஐந்தரைக்கு. ராத்திரி எட்டு வரை திறந்துவைக்க ஒரு உதவியாளர் போதும், அவர் சம்பளத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். உள்ளே இரண்டு நீள பெஞ்சும் போட்டுவிடுங்கள், படுத்துத் தூங்குகிற அளவுக்கு. சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே போய் விசாரித்துச் சொல்கிறேன்.