நித்யா மேனன் படத்துல கதை எங்க இருக்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கங்க. சத்தம் கேக்குதா? பக்கத்து வீட்ல கான்கிரீட் போடறாங்க, காலையில இருந்து மிக்சர் ஓடிட்டே இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இந்த வாரம் நாலஞ்சு கேள்வி எடுத்து வச்சிருந்தேன், ஆனா ஒரே ஒரு கேள்வி தான் பேசப் போறேன், ஏன்னா அது ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. அம்மாபேட்டைல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "அண்ணா, மனசு சரியில்லன்னா நான் நித்யா மேனன் படம் எதாவது போட்டு பாப்பேன். முடியறப்ப மனசு லேசாயிடும். ஆனா எங்க வீட்டுக்காரர், இதுல என்ன கதை இருக்கு, பெரிசா வில்லனும் இல்ல சண்டையும் இல்ல, சும்மா பேசிட்டே இருக்காங்கன்னு சொல்றாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. கதை எங்கண்ணா இருக்கு?" அப்படின்னு கேட்டிருக்காங்க.

நல்ல கேள்வி கண்ணு. வீட்டுக்காரரையும் கூட உக்கார வச்சுக்கோங்க.

நம்ம சேனலை ரொம்ப நாளா பாக்குறவங்களுக்கு என் கத்திரி கதை தெரியும். மறுபடியுமான்னு சலிச்சுக்காதீங்க, இந்தக் கேள்விக்கு அதை விட்டா எனக்கு வேற வழியில்ல. புதுசா வந்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, இங்க டவுன்ல ஒரு தியேட்டர்ல ஆபரேட்டர். பேரு வேண்டாம், அந்த தியேட்டரே இப்ப இல்ல. எனக்கு பத்து வயசு இருக்கும், லீவு விட்டா ஆபரேட்டர் ரூம்ல தான் கிடப்பேன். கார்பன் குச்சி எரியற வாசனை, சுவத்துல சின்ன ஓட்டை, அது வழியா பாத்தா தூரத்துல படம். ஆயிரம் அடி ரீல் ஒண்ணு ஏறக்குறைய 11 நிமிஷம் ஓடும், ரெண்டு ரீலை ஒட்டி ஓட்டினா 22 நிமிஷம். கரண்ட் போய் படம் லேட் ஆச்சுன்னு வைங்க, செகண்ட் ஷோ முடிஞ்சு ஜனங்களுக்கு கடைசி பஸ் போயிடும். அப்ப மேனேஜர் கீழ இருந்து கை காட்டுவாரு. மாமா உடனே பொட்டியைப் பாத்து காமெடி இருக்கிற ரீல் எதுன்னு தேடி அதை எடுத்து ஓரமா வச்சிடுவாரு. அதைத் தான் நான் கத்திரி போடறதுன்னு சொல்றேன். அம்புட்டு தான். படம் ஓடும், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மிஞ்சிப் போனா நாலு விசில் கம்மியாகும். கதைல ஒரு ஓட்டை விழாது.

ஏன் விழாது? ஏன்னா அன்னைக்கு நம்ம படத்துல காமெடி தனி டிராக், காதல் தனி டிராக். கலைவாணரும் மதுரமும் தங்களுக்குன்னு தனியாவே யோசிச்சு எடுப்பாங்க. பிற்பாடு கரகாட்டக்காரன் 1989-ல வருது, அந்த வாழைப்பழ காமெடிக்கு எழுதினவர் ஏ. வீரப்பன், படத்தோட டைரக்டர் கங்கை அமரன். ரெண்டும் வேற வேற ஆள், வேற வேற வேலை. நான் குறை சொல்லலைங்க, அதைப் பாத்து சிரிக்காத நாளில்ல. ஆனா பாருங்க, காதல் டிராக்ல இருக்கிற கதாநாயகிக்கு சிரிப்பு வசனமே போகாது. அந்தம்மா அழலாம், வெக்கப்படலாம், கோவப்படலாம், ஆடலாம். சிரிக்க வைக்கிற வேலை மட்டும் அந்தம்மாவுது இல்ல.

இப்ப அதே மாமா, அதே தியேட்டர். மிஸ்ஸியம்மா பழைய காப்பி வந்திருக்கு. 1955 படம், எல்.வி. பிரசாத் டைரக்‌ஷன், ஜெமினி கணேசன், சாவித்திரி. கதை தெரியாதவங்களுக்கு, ஒரு ஜமீன்தார் ஸ்கூலுக்கு வாத்தியார் வேலை, புருஷன் பொண்டாட்டியா இருந்தா தான் வேலைன்னு விளம்பரம். இவருக்கு கல்யாணம் ஆகல, அந்தம்மா கிறிஸ்டியன் பொண்ணு மேரி, அதுக்கும் ஆகல. வேலைக்காக புருஷன் பொண்டாட்டின்னு பொய் சொல்லி ஊருக்கு வந்துடறாங்க. அன்னைக்கும் கரண்ட் போச்சு, மேனேஜர் கை காட்டுனாரு. மாமா பாத்தாரு, இதுல எது காமெடி ரீலுன்னு தெரியல, எடுத்த எல்லாத்துலயும் சாவித்திரி இருக்காங்க. ஏதோ ஒண்ணை எடுத்து வச்சிட்டாரு. கீழ அஞ்சு நிமிஷத்துல ஒரே சலசலப்பு. முன்னாடி சண்டை போட்டுட்டு இருந்தவங்க இப்ப சிரிச்சுப் பேசறாங்க. பெஞ்சுல இருந்து ஒரு பாட்டி எந்திரிச்சு நின்னு, மேல ஆபரேட்டர் ரூமைப் பாத்து, "ஏப்பா, இவங்க எப்ப ராசியானாங்க?"ன்னு கத்துச்சு. எனக்கு இன்னைக்கும் அந்தக் குரல் கேக்குது.

தங்கச்சி, உங்க கேள்விக்கு பதில் அந்தப் பாட்டி சொன்னது தான். எப்ப ராசியானாங்க? அதான் கதை. வில்லன் வந்து அருவாளை எடுத்தா ஒரு நொடில தெரிஞ்சிடும். ரெண்டு பேர் ராசியாகிறது கொஞ்சம் கொஞ்சமா நடக்கும், ஒரு முறைப்புல, ஒரு கிண்டல்ல, ஒரு டம்ளர் காப்பியை டொக்குன்னு வைக்கிறதுல. மேரி எரிஞ்சு விழுகுற ஒவ்வொரு தடவையும் நமக்கு சிரிப்பு வருது, அந்த சிரிப்புக்குள்ளயே அந்தம்மா மனசு மாறிட்டு இருக்கு. அதனால கத்திரி போட முடியல. கத்திரி போட முடிஞ்சா அது காமெடியும் காதலும் இருக்கிற படம், முடியலன்னா தான் அது ரொமான்டிக் காமெடி. என் கணக்கு இவ்வளவு தான்.

இதே கணக்கை திருச்சிற்றம்பலத்துல போட்டுப் பாருங்க. 2022 ஆகஸ்ட்ல வந்துச்சு. சாப்பாடு டெலிவரி பண்ற பையன், அப்பாகிட்ட பேச மாட்டான், தாத்தா பாரதிராஜா. அவன் வேற பொண்ணுங்க பின்னாடி போய் அடி வாங்கிட்டு வர்றப்ப எல்லாம் கூடவே இருந்து கலாய்க்கிற ஷோபனா தான் நித்யா மேனன். இப்ப ஷோபனா கிண்டல் பண்ற இடத்தை எல்லாம் வெட்டுங்க பாப்போம். கடைசில அவங்க அழுகுறப்ப நமக்கு ஒண்ணுமே ஆகாது. இந்தப் பொண்ணு எதுக்கு அழுகுதுன்னு நினைப்போம், அவ்வளவு தான். முன்னாடி அவன் கூட சிரிச்ச சிரிப்பு தான் அங்க வலிக்குது. அந்தப் படத்துக்கு அவங்களுக்கு தேசிய விருது குடுத்தப்ப, 2024-ல, என்கிட்டயே பத்து பேர் கேட்டாங்க, "ஏனுங்க, இதுல என்ன நடிப்பு இருக்கு, பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி தான வர்றாங்க"ன்னு. அட, பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி வர்றதுக்குத் தானுங்க குடுத்தாங்க!

ஓ காதல் கண்மணியும் அப்படித் தான், 2015. வில்லன் யாரு? யாருமில்ல. பொண்ணு படிக்க பாரிஸ் போகணும், பையன் அமெரிக்கா போகணும், ரெண்டு பேருக்கும் கல்யாணம்னா பயம். வீட்டுக்குள்ள பிரகாஷ்ராஜ், லீலா சாம்சன்னு ஒரு வயசான ஜோடி, அந்தம்மாவுக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. அதைப் பாத்துட்டே இவங்க ரெண்டு பேரும் ராசியாகணும்.

இன்னொண்ணு சொன்னா திட்டுவீங்க, பரவால்ல. காதலிக்க நேரமில்லை, நான் சொல்றது 1964 ஸ்ரீதர் படம், 2025 பொங்கலுக்கு அதே பேர்ல நித்யா மேனன் நடிச்சது இல்ல. எனக்கு உசிரான படம், நாகேஷ் பாலையாவுக்கு கதை சொல்ற சீனை எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கில்ல. ஆனா அதுல சிரிப்பு பூரா நாகேஷ், பாலையா, கிழவன் வேஷம் போட்ட முத்துராமன் இவங்க கிட்ட. காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் நல்ல பாட்டு, நல்ல டிரெஸ். ஜோக்கு? நீங்களே பாத்துட்டு சொல்லுங்க.

சிரிக்க வைக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க நம்மகிட்ட இல்லாம இல்ல. மனோரமா ஆச்சி இல்லையா? அவங்களை ஹீரோயினாவே போட்டு 1963-ல கொஞ்சும் குமரின்னு ஒரு படம் எடுத்தாங்க. எடுத்தது யாரு? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ! ஏற்காடு ரோட்ல போறப்ப அந்த ஸ்டுடியோவோட வாசல் வளைவு மட்டும் நிக்குதுல்ல, செல்ஃபி எடுக்கிறீங்கல்ல, அது தான். ஆச்சி ஹீரோயினான்னு சிரிக்காதீங்க, அப்பவே நம்மூர்ல யோசிச்சிருக்காங்க.

ஏற்காடுன்னதும் ஒண்ணு. எங்க வீட்டம்மா உள்ள தான் இருக்காங்க, கேட்டா கேக்கட்டும். 1991-ல கல்யாணம், பாத்து வச்ச பொண்ணு தான், பத்து நாளா நான் கேட்டா "ம்", "இல்ல", இதைத் தவிர ஒரு வார்த்தை பேசல. ஏற்காடு கூட்டிட்டுப் போறேன். அடிவாரம் தாண்டி பஸ் ஏற ஆரம்பிச்சதும் இவங்களுக்கு தலை சுத்துது. கையில எலுமிச்சம்பழத்தை வச்சு மோந்துட்டே வர்றாங்க. நான் பெரிய ஆள் மாதிரி, "மொத்தம் 20 பெண்டு, எண்ணிட்டே வா, தெரியாது"ன்னேன். பதினாலோ பதினஞ்சோ வருது, மெதுவா தலையைத் தூக்கி, "கல்யாணமாகி பத்து நாள் தான் ஆச்சு, அதுக்குள்ள பெண்டு எடுக்கிறீங்க"ன்னாங்க. முன் சீட்டு பெரியவர் திரும்பிப் பாத்து சிரிச்சிட்டாரு. நாங்க எப்ப ராசியானோம்னு அந்தப் பாட்டி கேட்டா, பதினஞ்சாவது பெண்டுன்னு சொல்வேன்.

இதை வேற யாராவது சொல்லியிருந்தா சிரிப்பு வந்திருக்குமா? அந்தக் குரல், மயக்கத்துல இருக்கிற அந்த இழுவை, அது தான் ஜோக்கு. இதனால தான் சொல்றேன், தங்கச்சி நீங்க கதை எங்கன்னு கேட்டீங்க, இன்னொண்ணும் கேட்டிருக்கணும். குரல் யாருது?

நம்ம ஹீரோயின்கள்ல பாதிப் பேரோட குரல் அவங்களுது இல்ல. சிம்ரனுக்கு நிறைய படத்துல பேசினது சவிதா. விண்ணைத்தாண்டி வருவாயா, 96, ரெண்டுலயும் திரிஷாவுக்கு சின்மயி. குறைச்சு பேசலைங்க, பிரமாதமா பேசியிருக்காங்க, அழுகைக்கும் ஏக்கத்துக்கும் அது பொருந்தும். காமெடில தான் சிக்கல். படம் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஜோக்குக்கு முன்னாடி விடற மூச்சு அரை செகண்டு, 12 ஃப்ரேம். ஷூட்டிங்ல உதடு எப்ப அசைஞ்சதோ அதுக்குள்ள தான் டப்பிங்ல பேசியாகணும், இன்னொருத்தர் மூச்சை நீங்க விடணும். மாமா சொல்வாரு, பிரிண்ட் அறுந்து ஒட்டுறப்ப ரெண்டு மூணு ஃப்ரேம் போயிடும், நாலு ஊர் சுத்தி வந்த பிரிண்ட்ல அழுகை அப்படியே இருக்கும், ஜோக்கு செத்துப் போயிருக்கும்னு.

நித்யா மேனன் பொறந்து வளந்தது பெங்களூரு, மலையாளக் குடும்பம். ஆனா தமிழோ தெலுங்கோ, தானே பேசறாங்க. 2011-ல தெலுங்குல அலா மொதலைந்தி பண்ணப்ப அதுல பாட்டு கூட பாடியிருக்காங்க. தமிழ் சில இடத்துல கொஞ்சம் வேற மாதிரி கேக்கும், இருக்கட்டுமே, மூச்சு அவங்களுது.

பானுமதியம்மாவும் அப்படித் தான், நடிப்பும் பாட்டும் பேச்சும் அவங்களே. மிஸ்ஸியம்மால மொதல்ல மேரியா நடிச்சு கொஞ்ச ரீல் எடுத்தது அவங்களை வச்சு தான், தயாரிப்பாளரோட ஒத்து வராம விலகிட்டாங்க, அப்புறம் தான் சாவித்திரி. விலகினவங்க அடுத்த வருஷம் 1956-ல எம்.ஜி.ஆர். கூட, தமிழ்ல முழுக் கலர்ல வந்த மொத படம், அலிபாபாவும் 40 திருடர்களும். எடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா? அதே வளைவு தான். பானுமதி மேரியா வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு முழு வீடியோவே பேசலாம், பேசறேன்.

வீட்டுக்காரர் கிட்ட ஒண்ணு செய்யச் சொல்லுங்க. திருச்சிற்றம்பலத்துல ஷோபனா வர்ற சீன் எதாவது ஒண்ணை மொதல்ல சத்தத்தை மியூட்ல போட்டு பாக்கட்டும், அப்புறம் சத்தத்தோட. நடுவுல எந்திரிச்சு தட்டுவடை செட்டு வாங்கப் போறேன்னு கிளம்பினா விட்டுடாதீங்க, திரும்பி வர்றதுக்குள்ள ராசியாயிருப்பாங்க, அப்புறம் அவரும் எந்திரிச்சு நின்னு அந்தப் பாட்டி மாதிரி கத்துவாரு.

உள்ள இருந்து கூப்பிடறாங்க. பதினஞ்சு இல்லையாம், பதினேழாவது பெண்டாம். சரிங்க, வர்றேன்.